வராட்டி வராதெண்டு

கல்லடியில் ஏழரை பஸ்.
மடியில் லெப்டொப், அதன்மேல் சோற்றுப் பார்சல்.
சொதி கசிந்து எழுத்துக்களுக்குள் இறங்கிவிடுமோ என்று
வவுணதீவு தாண்டும்வரை ஒரு பயம்.

ஆயித்தியமலை, கமக்காரர் அமைப்பின் கட்டடம்.
ஒரு காற்றாடி, அதுவும் கடைசி வேகத்தில் மட்டும்.
என் தாள்களைக் கல் வைத்து அடக்கிக்கொண்டு கேட்டேன்:
"தண்ணிமுறைச் செயலியில் உங்களுக்கு என்னென்ன வேணும்?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

யூரியா வேணும்.
ஆலைக்காரன் ஈரம் ஈரமெண்டு கழிக்கிறத நிப்பாட்ட வேணும்.
யானைவேலிக்குக் கரண்ட் வேணும்.
கனகசுந்தரத்துக்கு ஒரு பொம்பிள வேணும்
(சிரிப்பு, காற்றாடியைவிடப் பலமாக).
எல்லாவற்றையும் எழுதினேன்.

எல்லைக்கு வெளியே என்று ஒரு நிரல் உண்டு எங்கள் படிவத்தில்.
யூரியாவை, ஆலையை, பொம்பிளையை அங்கே அனுப்பினேன்.
யானையையும் அனுப்பியபோது
"அதுக்கு எல்லை தெரியாது புள்ள" என்றது பின்கதிரை.

வேண்டும், வேண்டும் என்றே முடியும் என் ஆவணம்.
முறைக்கு அரைமணி முன்னதாகச் செய்தி அனுப்ப வேண்டும்.
சிக்னல் இல்லாத இடத்திலும் அட்டவணை திறக்க வேண்டும்.
எங்கள் கந்தோரில் அந்தச் சொல் ஒரு கட்டளை.
இங்கே ஆசை.
கோயில் வாசலில் அதுவே நேர்த்தி.
ஒரே சொல்லை எத்தனை பேர்தான் இழுப்பது.

வட்டைவிதானை சீனித்தம்பி தன் கொப்பியைத் தந்தார்.
யார், எத்தனை மணி, எத்தனை அங்குலம்,
சேறு பட்ட பக்கங்கள்.
பதின்மூன்று தேவைகள் அதிலிருந்தே எழும்பி வந்தன.

வாய்க்காலின் வாலில் இரண்டரை ஏக்கர் செய்யும் பரஞ்சோதி
அதுவரை ஒன்றும் பறையவில்லை.
"எனக்கு ஒண்டுதான் மனே.
தண்ணி வராட்டி, வராதெண்டு சொல்லணும்.
வருமெண்டு சொல்ல ஆக்கள் இருக்காங்க.
வராதெண்டு சொல்லத்தான் ஒருத்தரும் இல்ல."

போன சிறுபோகம், ராவு இரண்டு மணி முறை.
டோர்ச், மண்வெட்டி, நாலு யானைவெடி,
வெளுக்கும்வரை வரம்பில்.
இதைச் சொன்னது அவ இல்லை, பக்கத்துக் கதிரை.

பதினான்கு என்று இலக்கமிட்டு, நின்றுவிட்டேன்.
தண்ணீர் வந்தால் மிதவை எழும்பும், செய்தி பறக்கும்.
வராவிட்டால்?
ஒன்றும் நடக்காதபோது
இயந்திரம் ஒன்றும் அறியாது.
மேலே நிற்கும் யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அமத்த வேண்டும்.

யாரென்று நான் சொல்லவில்லை.
எல்லாத் தலையும் சீனித்தம்பி பக்கம் கிறுகின.

"மேல ஆர் பலகை போட்டு மறிச்சதெண்டும் அதில தெரியுமோ?"
"தெரியாது ஐயா."
"அப்ப சரி."
"தெரியவும் வேணும்" என்றார் யாரோ.
காற்றாடி.
அவர் பேனையின் மூடியைக் கழற்றினார், போட்டார்.
"நான் பிழையா அமத்திப்போட்டா?"
"திருத்தலாம்."
"மறுகா அவ வயல?"

நான் அதை எழுதவில்லை. எந்த நிரல் என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் டிலக்சன் அழைத்தான்:
பதினாலு ரெண்டாம் கட்டத்துக்குப் போகட்டும் அக்கா.
வலையிறவுப் பாலத்தில் குரல் அறுந்தது. நல்லது.
முன்னுரிமை என்ற கட்டத்தில்
கட்டாயம் என்று அடித்தேன்.

பிறகு செய்தியின் வாசகம்.
தமிழென்றால் எழுபது இடம்தான்;
புள்ளியையும் துணைக்காலையும்கூடத் தனித்தனியே எண்ணுவார்கள்.
தவிர்க்க முடியாத காரணங்களினால் என்று தொடங்கினேன்,
காரணத்துக்கே பாதி போய்விட்டது.
அழித்தேன்.

இண்டைக்கு ராவு தண்ணி வராது. படுங்க.

விரல்விட்டு எண்ணினேன், முப்பத்தைந்து.
இன்னும் முப்பத்தைந்து இடம் மிச்சம்.
அனுப்புபவர் பெயர் போடலாம்.

அவரிடம் இன்னும் கேட்கவில்லை.